குழந்தைக் காப்பகமும் மானியமும்
(கல்லாவியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைக் காப்பகம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குவதற்கும், இருப்பதொன்றை விரிவாக்குவதற்கும் கிடைக்கக்கூடிய மானியங்களைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். விவாகச் செலவு, உயர்கல்வி, மாணவர் விடுதி என்பனவே நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள். பால்மணம் மாறாச் சிசுக்களைப் பகற்பொழுதில் யார் காப்பது என்னும் பொருள் இம்மேடையில் எழுவது இதுவே முதன்முறை. ஆயினும் இன்று ஊத்தங்கரைத் தாலுக்காவில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதனினும் அணுக்கமான பொருள் பிறிதொன்று உண்டென்று நமக்குத் தோன்றவில்லை. ஆதலின் பெரியோர் சற்றே பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

முன்னாளில் நம் பெண்மக்கள் வேலை செய்தது கொல்லையிலும் களத்திலுமே. கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்கும் தாய், வரப்போரத்துப் புளியமரக் கிளையிலே சேலைத் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்துவாள். அது அழுதால் நாலடி நடந்து சென்று பாலூட்டுவாள். வேலையும் குழந்தையும் ஓரிடத்தே இருந்தன. இப்பொழுது அந்நிலை மாறிவிட்டது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் ஏற்பட்டபோது ஆலைத்தொழில் நமக்குத் தொலைவிலுள்ள செய்தியாகவே இருந்தது. பின்னர் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 2021ஆம் ஆண்டில் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை அமைத்த ஓலா கம்பெனியார், அவ்வாலை முழுவதும் பெண்களாலேயே நடத்தப்படும் என்றும், பதினாயிரம் பெண்களுக்கு மேல் வேலை தரப்படும் என்றும் அறிவித்தனர். ஓசூரையடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பெண்களே பெருந்தொகையினராய் வேலை செய்கின்றனர். சந்தைக்கு மட்டும் போச்சம்பள்ளி சென்று வந்த குடும்பங்களிலிருந்து இன்று மகளும் மருமகளும் கம்பெனிப் பேருந்தில் ஏறிச் செல்கின்றனர். அப்பேருந்தில் தூளி கட்ட இடமில்லை. இயந்திரத்தின் அருகே குழந்தையைக் கிடத்தவும் இயலாது.

இதனால் விளைவது யாது? மூன்று வழிகளுள் ஒன்று நிகழ்கின்றது. முதலாவது, பிள்ளை பிறந்தவுடன் தாய் வேலையை விட்டுவிடுகின்றாள். பல ஆண்டு பழகிய தொழிலும் அதனால் வந்த ஊதியமும் ஒருங்கே ஒழிகின்றன. இரண்டாவது, அறுபதும் எழுபதும் கடந்த பாட்டி, முழங்கால் வலியோடு தவழும் பிள்ளையின் பின்னே நாள் முழுதும் அலைகின்றாள். மூன்றாவது, இவை இரண்டினும் கொடியது: வீட்டின் மூத்த பெண்குழந்தை பள்ளிக்கு அனுப்பப்படாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்படுகின்றாள். அவள் பாதியிற் கல்வியை விடுகின்றாள். விரைவில் அவளுக்கு விவாகப் பேச்சு எழுகின்றது. பெண்கல்விக்காக நம் சங்கம் பரிசுகள் வழங்குவது பாராட்டற்பாலதே. ஆனால் ஒரு கைக்குழந்தையைக் காப்பார் இன்மையால் ஒரு சிறுமியின் கல்வி கெடுமாயின், அப்பரிசு யாருக்குப் பயன்படும்?

அங்கன்வாடி இருக்கின்றதே என்று சிலர் கேட்பர். உண்மை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் தமிழ்நாட்டுச் சிறுவர்க்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. ஆயின் அங்கன்வாடிக்குப் பகலுணவுக்கும் விளையாட்டுக்கும் வருவோர் இரண்டு வயது நிரம்பியோரே. ஆறு மாதக் குழந்தைக்கு இணையுணவு தருவர், எடை பார்ப்பர், பொழுது முழுதும் மடியில் வைத்துக் காக்கும் ஏற்பாடு பெரும்பாலானவற்றில் இல்லை. அதிகாலையிற் கம்பெனிப் பேருந்து ஏறும் தாய்க்கு அங்கன்வாடியின் நேரமும் பொருந்துவதில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே குழந்தைக் காப்பகம்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கவேண்டும் என்று விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெண்ணை 30 ஆகக் குறைத்தது. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஆண் பெண் என்று பாராமல் 50 ஊழியரைக் கொண்ட எந்நிறுவனமும் காப்பகம் ஏற்படுத்தவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்க இசையவேண்டும் என்றும் விதித்தது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இக்கடமையைத் தொடர்ந்ததோடு, மற்றொரு வழியையும் வகுத்துள்ளது. ஆலையார் தாமே கட்டிடம் எழுப்பவேண்டுவதில்லை. பல நிறுவனங்கள் கூடிப் பொதுக் காப்பகம் அமைக்கலாம். அரசோ, நகராட்சியோ, தனியாரோ, தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்யலாம். ஊரிலுள்ள ஒரு நல்ல காப்பகத்துக்கு ஆலையார் பணங்கொடுத்துத் தம் சட்டக் கடமையைத் தீர்த்துக்கொள்வதற்கு இது வாயில் திறந்துவிடுகின்றது. இக்குறிப்பைச் சபையோர் மனத்தில் இருத்துமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

நிற்க. மானியம் என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். நம் முன்னோர் காலத்தில் மானியம் என்றால் நிலம். கோயிலுக்கு மானியம், ஏரி காப்பானுக்கு மானியம், வண்ணார்க்கும் நாவிதர்க்கும் மானியம் என்று ஊர்தோறும் வரியில்லா நிலங்கள் விடப்பட்டிருந்தன. அவை இனாம் ஒழிப்புச் சட்டங்களால் 1960களில் முடிவுற்றன. அம்முறையிலிருந்த ஏற்றத்தாழ்வுகளை நாம் போற்றவில்லை. ஆயினும் அதில் ஒரு நுட்பம் இருந்தது. கொடுக்கப்பட்டது தானியமன்று, தானியம் விளையும் நிலம். ஆண்டுதோறும் மழை பெய்தால் ஆண்டுதோறும் விளைவு வந்தது. பணியும் ஆண்டுதோறும் நடந்தது. இக்காலத்து மானியமோ ஒருமுறை கைக்கு வந்து ஒருமுறையோடு முடிவது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் மானியத்தை நம்பித் தொடங்கப்படும் நிலையங்கள் பின்னர்க் கதவடைக்க நேரிடலாம். இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுவே: மானியம் காப்பகத்தைத் தொடங்கிவைக்கும், நடத்திவைக்காது. நடத்திவைப்பதற்கு ஆண்டுதோறும் விளையும் வருவாய் ஒன்றை நாம் வேறாகத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

கிடைக்கக்கூடிய உதவிகள் எவையென முறையே கூறுவோம்.

மத்திய அரசின் காப்பகத் திட்டம் ஒன்று. 2006 ஜனவரி 1 முதல் இராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் என்ற பெயரால் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. 2017இல் அது மாநிலங்களின் வழியாக நடத்தப்படுவதாய் மாறி, மத்திய அரசு 60, மாநில அரசு 30, தொண்டு நிறுவனம் 10 என்ற விகிதத்திற் செலவு பகிரப்பட்டது. 25 குழந்தைகள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் என்பது அதன் அளவு. 2022இல் அது பால்னா என்ற பெயரோடு சக்தித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் முறை வகுக்கப்பட்டது. இவ்வுதவி அரசுகளின் வழியே வருவது. தனியொருவர் தொழிலாக நடத்தும் காப்பகத்துக்கு நேரே வருவதன்று. நம் ஊர் அங்கன்வாடியை அவ்வாறு காப்பகமாக உயர்த்துக என்று மாவட்ட ஆட்சியர்க்கு விண்ணப்பிப்பது நம் கையில் உள்ளது. அதற்குச் செலவில்லை, கையொப்பங்கள் போதும்.

சுயதொழிலாகக் காப்பகம் நடத்த விரும்பும் பெண்களுக்கு உரியது பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008இல் தொடங்கிய இது, சேவைத் தொழிலுக்கான திட்டமதிப்பின் உச்சத்தை 2022இல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கிராமப்புறத்துப் பெண் விண்ணப்பித்தால் அவள் கைப்பொருள் நூற்றுக்கு 5. மானியம் நூற்றுக்கு 35. பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்கு மேற்பட்டால் எட்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும். நிலத்தின் விலையைத் திட்டமதிப்பிற் சேர்க்கலாகாது. இத்திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் அனுமதிக்கப்பட்டது. ஆதலின் விண்ணப்பிக்குமுன் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய விதிகளைக் கேட்டறிதல் நலம். இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. மானியத்தொகை கையில் ரொக்கமாகத் தரப்படுவதில்லை. வங்கி முழுக் கடனையும் கொடுக்கும். மானியம் மூன்றாண்டுகள் வங்கியிலே வைப்பாக இருந்து, தொழில் உண்மையாக நடந்ததென்று கண்டபின்னரே கடனிற் கழிக்கப்படும். மூன்றாண்டு நடத்தாதவர்க்கு மானியம் இல்லை.

முன்னரே நடத்தி, முதற்கடனைத் தீர்த்து, ஆதாயமும் கண்டோர், விரிவாக்கத்துக்காக இரண்டாம் கடன் பெறவும் அத்திட்டத்தில் இடமளிக்கப்பட்டது. சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை, மானியம் நூற்றுக்கு 15. பட்டமோ, டிப்ளமோவோ, ஐ.டி.ஐ. சான்றோ பெற்ற முதல் தலைமுறைத் தொழில்முனைவோர்க்குத் தமிழ்நாட்டு அரசின் நீட்ஸ் திட்டம் உண்டு. 2012-13இல் தோன்றிய அதன்கண் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு நூற்றுக்கு 25 மானியம் என்பது விதி. அது பெருநிலையங்களுக்கு உரியது. கல்லாவியில் தொடங்கும் நமக்கு உடனே வேண்டுவதன்று.

இவையன்றி, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய கம்பெனிகள் தம் ஆதாயத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அப்பணத்தைப் பெற விரும்பும் அறக்கட்டளை, 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் அதற்கெனப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதன் விளைவைப் பின்னர்ச் சொல்வோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குதற்பொருட்டு நாமே கற்பித்துக்கொண்டவை. விலைவாசிக்கேற்ப அவரவர் மாற்றிக்கொள்ளலாம்.

25 குழந்தைகளுக்கான காப்பகம் என்று கொள்வோம். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு விதிகளின்படி குழந்தையொன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் வேண்டும். ஆகவே 300 சதுர அடிக் கூடம் போதும். மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர், அதற்கு மேற்பட்ட இருபது குழந்தைகளுக்கு ஒருவர், துணைக்கு ஓர் உதவியாளர் என்பதும் அவ்விதிகளின் கருத்து. சங்கக் கட்டிடத்தின் தரைத்தளத்தை வாடகையின்றி நாம் தருவோமாயின், வேலி, கழிப்பறை, தொட்டில், பாய், அடுப்பு, குடிநீர்ச் சாதனம், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றுக்கு ரூ. 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் கைப்பொருள் ரூ. 10,000, வங்கிக் கடன் ரூ. 1,90,000, மூன்றாண்டின் பின் கழியும் மானியம் ரூ. 70,000. உண்மையில் அடைக்கவேண்டிய முதல் ரூ. 1,20,000. இம்மட்டும் கேட்போர் மகிழ்வர்.

மாதச் செலவோ வேறு. பணியாளர் இருவர்க்கு மாதம் ரூ. 10,000 வீதமும், உதவியாளர்க்கு ரூ. 7,000உம் கொடுத்தால் ரூ. 27,000. பால், கஞ்சி, முட்டை, பகலுணவு ஆகியவற்றுக்குக் குழந்தைக்கு ரூ. 600 வீதம் ரூ. 15,000. மின்சாரம், மருந்து, பழுதுபார்த்தல், கடன் தவணை ஆகியவற்றுக்கு ரூ. 5,000. ஆக மாதம் ரூ. 47,000, ஆண்டுக்கு ரூ. 5,64,000. மானியமாகிய ரூ. 70,000 ஓராண்டுச் செலவில் எட்டில் ஒரு பங்கே. தாய்மார் குழந்தைக்கு மாதம் ரூ. 1,000 கட்டணம் தந்தால் வரவு ரூ. 25,000, மாதந்தோறும் ரூ. 22,000 குறைகின்றது. கட்டணத்தை இரு மடங்காக்கினால் குறை தீரும் என்பீரேல், அக்கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஊதியம் என்ன கொண்டுசெல்வது என்று தாய் எண்ணி வேலையை விடுவாள். பணியாளர் ஊதியத்தைக் குறைக்கலாம் என்பீரேல், நல்லவர் நில்லார். அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் கைக்குழந்தையை எந்தத் தாய் நம்பி விடுவாள்? பிறர் குழந்தையைப் பேணும் பெண்ணின் உழைப்பை இலவசத் தொண்டாகக் கருதும் பழக்கமே இத்துறையைக் கெடுக்கும் முதற்கேடு.

ஆகவே அக்குறையை நிரப்பும் வழி முன்னர்க் கூறிய சட்ட வாயிலே. 25 குழந்தைகளுள் 12 குழந்தைகளின் தாய்மார் ஆலைகளில் வேலை செய்வோராயின், அவ்வாலைகள் குழந்தைக்கு மாதம் ரூ. 1,500 தருமாறு உடன்படிக்கை செய்துகொண்டால் ரூ. 18,000 வரும். எஞ்சியது மாதம் ரூ. 4,000, ஆண்டுக்கு ரூ. 48,000. இது நம் சங்கம் தாங்கக்கூடிய பாரமே. ஒரு விழாவின் மேடைச் செலவுக்கு இஃது ஒப்பாகுமோ ஆகாதோ என்பதைச் சங்கப் பொருளாளர் அறிவார்.

மானியம் நின்றவுடன் நிலையம் நிற்பதற்கு வேற்றூர்ச் சான்று தேடவேண்டுவதில்லை. முற்கூறிய தேசியக் காப்பகத் திட்டத்தின்கீழ் நாட்டில் ஒருகாலத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருந்தன. உதவித்தொகை வரும் வழி மாறிய பின்னர் 2020ஆம் ஆண்டளவில் அவை ஏழாயிரத்துக்கும் குறைந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இதே கதை. கொள்ளைநோய்க் காலத்தில் 2021இல் அந்நாட்டரசு குழந்தைக் காப்பகங்களைத் தாங்குவதற்கென 2,400 கோடி டாலர் ஒதுக்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் பயன்பெற்றன. அத்தொகை 2023 செப்டம்பரில் முடிவுற்றதும், கட்டணம் உயருமோ, நிலையம் மூடுமோ என்ற கவலை அங்கே எங்கும் எழுந்தது. செல்வநாட்டிலும் ஒருமுறை மானியத்தின் இயல்பு இதுவே. கனடாவிலுள்ள கியூபெக் மாகாணம் வேறு வழி சென்றது. 1997 முதல் அம்மாகாண அரசு ஆண்டுதோறும் பொதுப்பணம் ஈந்து, தாய்தந்தையர் நாளொன்றுக்கு 5 டாலரே கொடுக்குமாறு செய்தது. பின்னர்க் கட்டணம் சிறிது உயர்ந்ததாயினும் ஏற்பாடு நிலைபெற்றது. 2021இல் கனடா நாடு முழுமைக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று.

நம் நாட்டிலும் நிலைத்தவை உண்டு. 1969இல் மீரா மகாதேவன் தில்லியில் கட்டிட வேலைத்தலத்திலேயே கூலிப்பெண்களின் குழந்தைகளுக்காக ஒரு கூடாரத்தில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் இன்றும் பணிபுரிகின்றது. கட்டிடக் காண்டிராக்டர்களையும் செலவிற் பங்கேற்கச் செய்தமை அதன் உபாயங்களுள் ஒன்று. குஜராத்தில் சேவா சங்கத்தைச் சார்ந்த பெண்கள் 1986இல் சங்கினி என்னும் குழந்தைக் காப்புக் கூட்டுறவை அமைத்தனர். கேடா மாவட்டத்தில் புகையிலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகச் சைசவ் என்னும் கூட்டுறவு உண்டாயிற்று. காப்பாளர்களே அங்குப் பங்குதாரர். தாய்மாரும் தம்மால் இயன்ற கட்டணம் தருகின்றனர். நம் எல்லைக்கு அப்பால் கர்நாடக அரசு 2023இல் கூசின மனெ என்ற பெயரால், ஊரக வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்காக நாலாயிரம் கிராமப் பஞ்சாயத்துக்களில் காப்பகம் அமைக்கத் திட்டமிட்டது. இவற்றுள் நெடுநாள் நின்றவை, பலர் சிறிது சிறிதாகத் தாங்கியவையே என்பது கவனிக்கத்தக்கது.

இம்முறை நமக்குப் புதிதுமன்று. தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989இல் முதன்முதல் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். ஆகவே அன்று இம்மண்ணும் தருமபுரியைச் சேர்ந்ததே. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவி அதற்கு இருந்தது. அவ்வுதவி முடிந்து பல்லாண்டு சென்றும் குழுக்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம், மானியத்துக்கு முன்னே சேமிப்பை வைத்தமையே. பத்தும் இருபதுமாகச் சேர்த்துப் பழகிய கைகளே பின்னர் வங்கிக் கடனையும் தவறாமல் அடைத்தன. அக்குழுக்களில் இருந்த நம் சகோதரிகள் பலர் இவ்வவையிலும் அமர்ந்துள்ளனர். காப்பகத்தின் கணக்கைப் பார்ப்பதற்கு அவரினும் தகுதியுடையார் நம்மில் எவர்?

இனிச் சொல்லவேண்டிய ஒன்று, சபையிற் சிலர்க்குக் கசப்பாக இருத்தல் கூடும். ஆயினும் சங்கத்தின் நன்மை கருதி மறைக்காமற் சொல்லுகின்றோம். இக்காப்பகம் நம் குலத்துக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதா, ஊர்க் குழந்தைகள் அனைவர்க்கும் உரியதா?

சட்டம் கூறுவதை முதலிற் கேளுங்கள். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம், குறிப்பிட்ட ஒரு சாதியின் நன்மைக்கென அச்சட்டத்துக்குப் பின் ஏற்பட்ட அறக்கட்டளைக்கு வரிவிலக்கு இல்லை என்று விதித்தது. நன்கொடையாளர்க்கு வரிச்சலுகை தரும் உரிமையையும் அத்தகைய நிலையங்களுக்கு மறுத்தது. கம்பெனிகளின் சமூகப் பணிப்பணமோ அத்தகைய சான்றும் பதிவும் உடைய அறக்கட்டளையையே நாடி வருவது. ஆலையிலிருந்து கட்டணப் பங்கு பெறுவதாயின், அவ்வாலையில் வேலை செய்யும் தாய்மாரின் சாதியைக் கேட்டுப் பிரிக்க ஆலையார் இசையார், இசையவும் கூடாது. ஆகவே காப்பகத்தைச் சங்கத்தினின்றும் வேறாகிய பொது அறமாகவோ, தனிப்பெண்ணின் தொழிலாகவோதான் நடத்த இயலும். வாயில் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, நீதியையும் நோக்குவோம். பேருந்திலே நம் மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து செல்பவள் வேறு குலத்தவள். இருவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலை செய்கின்றனர். ஒருத்தியின் குழந்தைக்குத் தொட்டில், மற்றொருத்தியின் குழந்தைக்குத் தெருத்திண்ணை என்பது எவ்வாறு பொருந்தும்? பிற குலத்தார் சமைத்ததை நம் பிள்ளை உண்பதா என்று கேட்பாரும் நம்மிடையே உளர். அவர்க்கு நாம் கூறுவது: 1982 முதல் இந்நாட்டுப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வளர்ந்துள்ளனர், அவ்வாறு வளர்ந்தோரே இன்று இச்சபையில் பெரும்பாலோர். எந்தக் குறையும் அவர்க்கு வந்ததில்லை. பயிற்சியும் அன்பும் உடையவள் எக்குலத்தவளாயினும் அவளைப் பணியில் அமர்த்துவதே குழந்தைக்கு நலம். நம் சங்கம் நம்மவர்க்கென ஏற்பட்டது உண்மையே. ஆயினும் நம்மவரிடத்துத் தொடங்கி ஊரார்க்குப் பயன்படும் ஒரு நிலையத்தால் சங்கத்தின் பெயர் குறையாது, வளரும்.

தாயே வளர்க்கவேண்டிய குழந்தையை அயலாரிடம் விடுவது நம் மரபன்று என்னும் தடை மற்றொன்று. தாய்ப்பால் உண்ணும் பருவத்துக்கென்றே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வார விடுப்பை விதித்தது; காப்பகமோ ஆறு மாதம் நிரம்பிய பின்னரே குழந்தையை ஏற்பது. அன்றியும் குழந்தையைத் தாய் ஒருத்தியே வளர்த்த காலம் நம் மரபில் என்றுமே இருந்ததில்லை. பாட்டி, அத்தை, சித்தி, அடுத்த வீட்டார் என ஊரே வளர்த்தது. அவ்வுறவினர் பலர் இன்று தாமும் வேலைக்குச் செல்கின்றனர், வேறூர்களுக்கும் குடிபெயர்ந்தனர். அவர் செய்த பணியை ஒரு நல்ல கூடத்தில், பயின்ற கைகளால், கணக்கோடு நடத்துவதே காப்பகம். கைப்பேசியைக் கையிற் கொடுத்துக் குழந்தையை மூலையில் அமர்த்துவதினும் இது மேம்பட்டதா அன்றா என்பதைப் பெரியோரே முடிவு செய்க.

ஆகவே சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, கல்லாவியிலும் அடுத்துள்ள சிற்றூர்களிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்துணையர், அவருள் வேலைக்குச் செல்லும் தாயுடையார் எத்துணையர், எந்த ஆலையில், எந்த நேர வேலை என்பதை எல்லாக் குலத்தாரையும் சேர்த்து ஒரு மாதத்துள் கணக்கெடுத்தல். இக்கணக்கின்றி எந்த விண்ணப்பமும் நில்லாது.

இரண்டாவது, சங்கக் கட்டிடத்தின் தரைத்தளக் கூடத்தைக் குறைந்தது ஐந்தாண்டுக்கு வாடகையின்றி எழுத்து மூலமாக ஒப்படைத்தல். முகூர்த்த நாள் வந்தது, குழந்தைகளை இன்று அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லும் நிலை உண்டாகலாகாது.

மூன்றாவது, விருப்பமும் தகுதியும் உள்ள பெண்கள் இருவரைத் தேர்ந்து, குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பி, அவருள் ஒருவர் பெயரால் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கத் துணைபுரிதல். அவர் செலுத்தவேண்டிய கைப்பொருளைச் சங்கமே வட்டியில்லாமற் கொடுத்தல்.

நான்காவது, போச்சம்பள்ளி, பர்கூர் ஆலைகளின் நிர்வாகிகளைச் சங்கப் பிரதிநிதிகள் நேரிற் கண்டு, சட்டத்தொகுப்பு இசையும் பொதுக் காப்பக முறையில் உடன்படிக்கை செய்ய முயலுதல்.

ஐந்தாவதும் முதன்மையானதும், காப்பக நிதி ஒன்றை ஏற்படுத்தி, அதன் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுமாறு விதி செய்தல். முன்னோர் நிலமாக விட்ட மானியத்துக்கு இக்காலத்தில் ஈடாவது இதுவே. அரசு மானியம் வரினும் வாராதொழியினும், பேருந்து ஏறும் தாய் குழந்தையை விடுவதற்கு ஒரு கதவு திறந்திருக்கும்.

விதைக்கென வைத்த கேழ்வரகைக் களியாகக் கிண்டி உண்ணும் குடியானவன் எவனும் நம்மூரில் இல்லை. அரசு தரும் மானியத்தையும் அவ்வாறே விதையாகக் கொண்டு, உழவையும் நீரையும் நாமே தந்து பேணுவோமாயின், இக்காப்பகம் பல்லாண்டு நிற்கும். இவ்வைந்தனையும் தீர்மானங்களாக இன்றே எடுத்து விவாதிக்குமாறும், கணக்கெடுக்கும் பணிக்குத் தம் பெயரைத் தரவல்ல சகோதரிகளும் இளைஞர்களும் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளுமாறும் வேண்டி அமைகின்றோம்.